இன்னொரு தடவை

நைனா முகம்மது அரஃபாக் கதையைத் தொடங்கிவிட்டால் கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். கல்யாண வீடானாலும் சரி, பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வீடானாலும் சரி, சாப்பாட்டுக்கு முன்னால் யாராவது ஒருவர், "ஹாஜியாரே, அந்தச் சாயங்காலத்தைச் சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுப்பார். அவர் முதலில் வேண்டாம் என்பார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு குரலைத் தாழ்த்துவார். மக்காவுக்கு வெளியே அந்தப் பெருவெளியில் ஹஜ்ஜுக்கு வந்த அத்தனை லட்சம் பேரும் கையேந்தி நின்றதைச் சொல்வார். வெயில் இறங்க இறங்க அழுகைச் சத்தம் எல்லாப் பக்கமும் எழுந்ததைச் சொல்வார். தன் நெஞ்சுக்குள் என்னவோ உடைந்து, அதுநாள்வரை சேர்ந்த அழுக்கெல்லாம் கண் வழியே இறங்கிப் போனதைச் சொல்வார். சொல்லும்போது அவருக்கு இன்றைக்கும் குரல் தழுதழுக்கும். கேட்கிறவர்களும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி சாலிஹாவும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அதே ஹஜ்ஜுக்கு அவளும்தான் போயிருந்தாள். போய்வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

கடைசியில் கேட்டது, வீட்டுக்கு வந்து ஆறு மாதமே ஆகியிருந்த மருமகள் ஷாஹிதா. விருதுநகரில் ஒரு நிக்காஹ் வீடு. மாமனார் கதையை முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"மாமி, நீங்களும் அங்கன இருந்தீகள்ல? உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

சாலிஹா சொல்வதற்கு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மனசுக்குள் துழாவினாள். வந்தவை வெறும் குதிகால்கள். வெடித்த குதிகால், மருதாணி வைத்த குதிகால், தூசி படிந்த வெள்ளை உறை மாட்டிய குதிகால். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் யார்மேலும் இடித்துவிடக் கூடாதே என்று குனிந்து பார்த்துப் பார்த்துத் தள்ளிய நாட்கள் அவை. நாற்காலியில் இருந்தவர் அவளுடைய மாமியார்.

"நல்ல கூட்டம்" என்று மட்டும் சொன்னாள்.

ஷாஹிதா இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். பிறகு தட்டு வந்துவிட்டது.

அன்றைக்கு ஷாஹிதா கேட்டது சாலிஹாவைப் பிடித்துக்கொண்டது. சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. பொய்யாகவாவது நாலு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று முதலில் வெட்கமாக இருந்தது. நாலைந்து நாளில் அந்த வெட்கம் கோபமாக மாறியது. ஒரு காலையில் கணவருக்கு இட்லி வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"நான் இன்னொரு தடவை மக்கா போகணும்."

நைனா முகம்மது நிமிர்ந்து பார்த்தார். ஆமத்தூரில் அவருக்கு அட்டைப்பெட்டி கோடவுன். பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பெட்டி போகிற சீசன் அது. கையில் போனும் வாயில் இட்லியுமாக இருந்தவர் இரண்டையும் நிறுத்திவிட்டார்.

"எதுக்கு? கடமை ஒரு தடவைதான். அது முடிஞ்சிருச்சு."

"கடமைக்குப் போகலை. உம்ராவுக்குப் போறேன். அதுக்கு ஹஜ்ஜு மாதிரி மாசக் கணக்கு இல்லை, எப்ப வேணாலும் போகலாம்."

"சாலிஹா, இங்க பாரு." குரல் இறங்கியது, கூட்டத்தில் கதை சொல்கிற குரல் அது. "அந்த மாதிரி ஒண்ணு மனுசனுக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். திரும்பத் திரும்பப் போனா அது தேஞ்சு போயிரும். என்னை எத்தனை பேரு கூப்பிட்டாக? நான் போனனா? அதைப் பத்திரமா வச்சிருக்கேன்."

"உங்களுக்கு ரெண்டாவது தடவை வராது. சரி. எனக்கு மொதத் தடவையே வரலையே."

"என்ன பேச்சு இது? நீயும்தான அரஃபாவுல நின்னே?"

"நான் எங்கன நின்னேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதே இல்லை.

சாலிஹா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க அம்மாவுக்கு அன்னிக்கு மத்தியானம் வகுறு போக ஆரம்பிச்சுச்சு. ரெண்டு சேலை வீணாப்போச்சு. கக்கூசு வாசல்ல இங்கேருந்து தேரடி வரைக்கும் வரிசை. நான் ஒரு வாளியைப் பிடிச்சிக்கிட்டு அந்த வரிசையில நின்னேன். உங்க அம்மா தோள்ல சாஞ்சிக்கிட்டு, 'சாலிஹா, என்னைய விட்டுட்டுப் போயிராதே'ன்னு அளுதாக. உள்ள கூட்டிட்டுப் போயி களுவி விட்டு, வெளிய வந்து மறுபடி வரிசையில நின்னேன். நீங்க சொல்றீகளே, அளுகைச் சத்தம் எளும்புச்சுன்னு, அது எனக்கும் கேட்டுச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு. நான் வெளிய வந்தப்ப பொளுது இறங்கிருச்சு. எல்லாரும் பஸ்ஸுக்குப் போயிக்கிட்டு இருந்தாக."

இட்லி ஆறிக்கொண்டிருந்தது. நைனா முகம்மது, "இதை நீ சொன்னதே இல்லையே" என்றார்.

"யாரு கேட்டா?"

அன்று அவர் சாப்பாட்டை முடிக்காமலே கோடவுனுக்குப் போனார். சாலிஹா ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். மறுநாள் அவர் வேறொரு பேச்சோடு வந்தார். அது முந்தின நாள் பேச்சைவிட மோசமாக இருந்தது.

"யோசிச்சுப் பாத்தேன். எங்க அம்மாவுக்கு நீ செஞ்சது இருக்கே, அதுதான் உன் ஹஜ்ஜு. என்னோடதைவிடப் பெரிசு. நீ மறுபடி போகவே வேண்டியதில்லை."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நிஜமான மரியாதை இருந்தது. அதுதான் சாலிஹாவுக்குத் தாங்கவில்லை.

"நன்மையை அல்லா எளுதிக்கிடுவான். அந்தக் கணக்கு உங்க கையிலயும் இல்லை, என் கையிலயும் இல்லை. நான் கேக்குறது என் கண்ணால பாக்குறதை. பெரிசுன்னு சொல்லி என் வாயை அடைக்காதீக."

"சீசன் முடியட்டும், பேசுவோம்."

"சீசனு வருசா வருசம் வரும்."

அந்த வாரம் அவள் கோடவுனுக்குப் போயிருந்தாள். சீசனில் ஆள் போதாதபோது பெட்டி எண்ணி அடுக்குவதற்கு அவள் போவது வழக்கம். பெட்டி மடிக்கிற பெண்களில் வள்ளித்தாய் அன்றைக்குச் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். இரண்டு பாதத்திலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போய்த் திரும்பியிருந்தாள்.

"வருசா வருசம் போறியே, ஒவ்வொரு தடவையும் சாமி வருமா வள்ளித்தாயி?" என்று சாலிஹா கேட்டாள்.

"மொதத் தடவை வந்துச்சுக்கா. எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா? உடம்பே எனக்கில்லாத மாதிரி. பொறவு ரெண்டு மூணு வருசம் அதைத் தேடித்தான் போனேன். வரலை. சரி, விட்டுருவோம்னு இருந்தப்பதான் அவுக போனாக."

அவள் புருஷன் சங்கிலிமுத்து, எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிற அறையில் வெடித்த வெடிப்பில் போனவன்.

"பொறவும் போறியே?"

"பொறவுதான் ஒரு வருசம் விடாமப் போறேன். அவளுக்கு முன்னால நின்னு, எதுக்குடி அவரை எடுத்தேன்னு கேக்கணும்ல? ஒவ்வொரு வருசமும் கேக்குறேன். வாயைத் திறக்க மாட்டேங்கா. நானும் விடுறதா இல்லை."

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். வள்ளித்தாய் சிரிக்கவில்லை. அடுத்த அட்டையை எடுத்து மடித்தாள். கடவுளிடம் இப்படியெல்லாம் பேசலாமா என்று சாலிஹாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவள் தனக்குத்தானே அந்தக் குரலில் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயணத்துக்கு மஹ்ரமாக, கணவனோ மகனோ கூடப்பிறந்தவனோ, ஓர் ஆண்துணை வேண்டும். மகன் தவுபிக்கைக் கேட்டாள். அவன் அத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தீவாளி முடியட்டும்மா" என்றான். சாலிஹா போனை எடுத்துத் தம்பி அப்துல் ஹக்கீமைக் கூப்பிட்டாள். சிவகாசியில் சின்ன அச்சகம் வைத்திருப்பவன். புரட்டாசியில் உம்ராவுக்கு ஒரு குழுவோடு போவதாக அவன் முன்பே சொல்லியிருந்தான்.

"ஹக்கீமு, என் பேரையும் சேத்துக்க."

"மச்சான் சம்மதிச்சுட்டாகளாக்கா?"

"உன்னைய என்ன கேட்டேன்? பேரைச் சேருன்னேன்."

கிளம்புகிற அன்று நைனா முகம்மது கோடவுனிலிருந்து வரவில்லை. லோடு ஏற்றுகிறார்கள் என்று தகவல் சொல்லியனுப்பினார். மதுரை விமான நிலையத்துக்கு தவுபிக்கும் ஷாஹிதாவும்தான் வந்தார்கள். ஷாஹிதா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்து என்கிட்ட சொல்லணும் மாமி" என்றாள். சாலிஹா தலையை ஆட்டிவிட்டு உள்ளே நடந்தாள். அப்போதுதான் பார்த்தாள். தம்பிக்குப் பக்கத்தில், விமான நிலையத்துச் சக்கர நாற்காலியில், அவன் மாமியார் பாத்துமுத்து உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்காலிலும் பட்டை சுற்றியிருந்தது.

"மாமியும் வர்றாகக்கா. திடீர்னு முடிவாச்சு" என்றான் ஹக்கீம். அவன் அவள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

வழி நெடுக சாலிஹா அந்த முழங்கால் பட்டைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். மக்காவில் தங்குமிடத்துக்குப் போய், குளித்து, உம்ராவுக்குத் தயாராகிக் கீழே வந்தால், ஹக்கீம் எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். பாத்துமுத்து ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. நாற்காலியின் கைப்பிடி சாலிஹாவின் பக்கம் திரும்பியிருந்தது.

"நீங்கதான்க்கா பழகினவுக" என்றான் தம்பி. "நானும் பக்கத்துலயே வருவேன். கூலிக்குத் தள்ளுற ஆளைக் கூப்பிட்டா மாமி பயப்படுறாக. அன்னிய ஆம்பிளை, பாஷையும் தெரியாதுன்றாக."

குழுவில் வந்த பெண்களெல்லாம் சாலிஹாவையே பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் ஒரு பாராட்டு அதற்குள் தயாராக இருந்தது. பாத்துமுத்து நல்ல மனுஷி. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உனக்குச் சிரமம்னா நான் ரூம்லயே இருந்துக்கிடுறேன் தாயி. இம்புட்டுத் தூரம் வந்ததே போதும்."

சாலிஹாவின் கை அரை அடி நகர்ந்துவிட்டது. பழக்கம். அவள் அதைத் திருப்பி இழுத்துக்கொண்டாள்.

"நீங்க ரூம்ல இருக்கப்படாது மாமி. நீங்க வரணும். உங்க மருமகன் தள்ளுவான்."

ஹக்கீம் திடுக்கிட்டான். "அப்ப என்னோட உம்ரா?"

"தள்ளிக்கிட்டே செய்யி, தப்பில்லை. கூடும். பதினாலு வருசத்துக்கு முன்னால நானும் இதே கேள்வியக் கேட்டேன். கூடும்னுதான் சொன்னாக."

"அக்கா, நீங்க பொம்பளை, உங்களுக்கு..."

"எனக்கு?"

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. சாலிஹா முடிக்கவும் விடவில்லை. பின்னால் ஒரு பெண் உச்சுக்கொட்டுவது கேட்டது. திரும்பிப் பார்த்தால் கைப்பிடியைப் பிடித்துவிடுவோம் என்று பயந்து, திரும்பாமலே பள்ளிவாசலை நோக்கி நடந்தாள்.

கஃபாவை ஏழு தடவை சுற்றி வருகிற கீழ்த்தளத்துக்கு நாற்காலிகளை விடுவதில்லை. ஹக்கீம் தன் மாமியாரைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போக வேண்டியதாயிற்று. குழுப் பெண்களோடு உள்ளே போன சாலிஹா, கூட்டம் இரண்டு தள்ளுத் தள்ளியதும் தனியாகிவிட்டாள்.

தலையைக் குனிந்தே வந்து, வெளி திறந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள். கருப்புத் துணி போர்த்திய கஃபா. மேலே பொன் எழுத்து. சுற்றிலும் சுழலும் வெள்ளம்போல ஜனம். அழகாக இருந்தது. அவ்வளவுதான். நெஞ்சில் எதுவும் உடையவில்லை. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சற்று நின்று பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் இடித்தார்கள். நடக்கத் தொடங்கினாள்.

முதல் சுற்று முழுக்க அவள் காத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சுற்றில்தான் கவனித்தாள்: இரண்டு கையும் எதையோ பிடித்த மாதிரி முன்னால் நீண்டிருந்தன. கண் கீழே இருந்தது. மறுபடியும் குதிகால்கள்.

அப்போது அவளுக்கு வந்த கோபம் வாழ்க்கையில் எப்போதும் வந்ததில்லை. மனப்பாடம் செய்து வந்த அரபு துஆப் பிரார்த்தனைகளை விட்டுவிட்டாள். தன் தமிழில், வாய்விட்டே பேசினாள். சுற்றிலும் ஆளாளுக்கு ஒரு பாஷையில் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தில் அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரப்பே, வந்துட்டேன். ஒரு தடவை வந்து ஒண்ணும் பாக்காம திரும்புனவ நான். ஒரு தடவை போதும்னு எல்லாரும் சொன்னாக. எனக்குப் போதலை. போதலைன்னு உன்கிட்ட சொல்லத்தான் வந்திருக்கேன். அந்த வாளியை நீ பாத்தேல்ல? கதவுக்கு அந்தப் பக்கம் நான் நின்னதைப் பாத்தேல்ல? அதைக் கணக்குல வச்சிக்க, வேண்டாங்கலை. ஆனா எனக்கு வேற வேணும். இங்க உன் வீட்டு வாசல்ல நின்னு கேக்குறேன்."

பேசப் பேச இன்னும் வந்தது. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து தொடங்கினாள். ஒரு சுற்று முழுக்கப் புகார். அடுத்த சுற்றில் பாதிவரை. அதற்குமேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. வாய் ஓய்ந்தது. கால் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

அந்த வெறுமையில்தான் அவளுக்கு அது உறைத்தது. இத்தனை நேரமாக அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சாலிஹா, தண்ணி எங்கே, சாலிஹா, செருப்பு எங்கே, மாமி, அம்மா, இந்தா. எதுவுமில்லை. புத்தி தெரிந்த நாளிலிருந்து இப்படி ஒரு மணி நேரம் அவளுக்கு வாய்த்ததில்லை. யாரும் கூப்பிடாமலே, யாருக்காகவும் இல்லாமல் அவள் இங்கே நடந்துகொண்டிருந்தாள். தலை தானாக நிமிர்ந்தது. இடப் பக்கம் கஃபா, ஒரு சொந்தக்காரரின் வீட்டுச் சுவர்போலக் கூடவே வந்தது. மேலே விளக்கொளியில் சின்னப் பறவைகள் வட்டமடித்தன. எங்கோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பெரிய உடம்புக்காரி தடுமாறி அவள் தோளைப் பிடித்தாள். பிடித்த கையை எடுக்காமலே கொஞ்ச தூரம் நடந்தாள்.

சாலிஹாவுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது. வயிற்றின் அடியிலிருந்து, அடக்கமாட்டாத சிரிப்பு. முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோளைப் பிடித்திருந்தவள் குனிந்து பார்த்து, என்ன ஏதென்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

இதில் சுற்றுக் கணக்கு விட்டுப்போயிற்று. ஐந்தா, ஆறா? சந்தேகம் வந்தால் குறைந்ததையே எடுத்துக்கொண்டு மேலே நடக்க வேண்டும் என்பது சட்டம். ஐந்து என்று எடுத்துக்கொண்டாள். இன்னொரு சுற்று கூடக் கிடைத்ததே என்று கள்ளத்தனமான சந்தோஷம் வந்தது.

அதன் பிறகு சஃபா, மர்வா. ஹாஜரா அம்மா தாகத்தில் துடித்த பிள்ளைக்காகத் தண்ணீர் தேடி ஓடிய இரண்டு குன்றுகள். இப்போது குளிர்சாதனம் போட்ட நீண்ட மண்டபம். பச்சை விளக்கு எரிகிற இடத்தில் ஆண்கள் ஓட வேண்டும். பெண்கள் நடந்தால் போதும். ஓடியவள் ஒரு பொம்பளை என்பதை நினைத்து சாலிஹா அங்கே ஒரு கணம் நின்றாள். பிறகு நடந்தாள். பச்சை விளக்குக்குக் கீழே அவள் கால் கொஞ்சம் வேகமெடுத்ததை யாரும் கவனிக்கவில்லை.

எல்லாம் முடிந்து வாசலில் ஹக்கீமைக் கண்டபோது அவன் வேர்த்து நனைந்திருந்தான். பாத்துமுத்து நாற்காலியில் களைத்து, நிறைந்து, கண்ணை மூடியிருந்தார்.

"கஃபாவை நான் சரியாப் பாக்கவே இல்லக்கா" என்றான் தம்பி. "முன்னால போறவன் கால்ல இடிச்சிட்டேன். அவன் பாஷையில என்னமோ வைஞ்சான். அதுக்கப்புறம் குனிஞ்ச தலை நிமிரலை."

சாலிஹாவுக்கு, 'இப்பத் தெரியுதா?' என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது.

"நாளைக்கு நீ தனியா போ. மாமியை நான் தள்ளுறேன். மறுநாள் நீ தள்ளு" என்றாள்.

இருந்த நாளெல்லாம் அப்படியே மாற்றி மாற்றிப் போனார்கள். தனியாகப் போகிற தன் முறை வந்த நாளெல்லாம் சாலிஹா சுற்றினாள். அந்தச் சிரிப்பு மறுபடி வரவில்லை. ஒருநாள் முழங்கால் வலி மட்டும்தான். ஒருநாள் தூக்கம். வேறொரு நாள் சும்மா அமைதியாக இருந்தது; பின்னாலிருந்து யாரோ மெல்லத் தாங்கிக்கொண்டு வருவது போல. வரவில்லையே என்று முதல் நாள் தவித்ததுபோல அவள் தவிக்கவில்லை. வந்தால் வரட்டும் என்று நடந்தாள்.

விருதுநகர் திரும்பியதும் பார்க்க வந்தவர்களுக்கு, ஹாஜரா அம்மாவின் பிள்ளைக்காக ஊறிய ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தாள். ஷாஹிதா அடுப்படியில் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க மாமி" என்றாள். சாலிஹா எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலியைத் தள்ள மாட்டேன் என்றதையும், படைத்தவனோடு சண்டை போட்டதையும், சிரித்ததையும். ஷாஹிதா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அழவில்லை. "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

முன்கூடத்தில் ஜமாத்துப் பெரியவர்கள் சிலர் நைனா முகம்மதோடு உட்கார்ந்திருந்தார்கள். சாலிஹா தேநீர் கொண்டுபோய் வைத்தபோது ஒருவர் கேட்டார்.

"ஹஜ்ஜும் ஆச்சு, தனியா உம்ராவும் ஆச்சு. இனிப் போதும்லம்மா? ஒரு தடவைதான் கடமை. சும்மா சும்மா போறதுல என்ன இருக்கு?"

சாலிஹா தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹாஜரா அம்மா மொதத் தடவை ஓடுனப்ப தண்ணி கிடைச்சுச்சாண்ணே?"

"இல்லை."

"ஒரு தடவை ஓடியாச்சே, போதும்னு அவுக உக்காந்திருந்தா பிள்ளை கதி என்ன? ஏளு தடவை ஓடுனாக. ஹாஜியாரும் அங்கன போயி அந்த ஏளைத்தான நடந்துட்டு வந்தாக? ஒண்ணே போதும்னா ஒண்ணோட நிறுத்திருக்கலாம்ல?"

பெரியவர் தேநீரை எடுத்து ஊதினார். "அது வேற, இது வேற" என்றார்.

"எனக்கு வேற இல்லண்ணே" என்றாள் சாலிஹா. "தெம்பு இருக்கிறவரை நான் போவேன்."

யாரும் அன்றைக்கு அரஃபாக் கதையைக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மிச்சமிருந்த பேரீச்சம்பழத்தையும் ஒரு பாட்டில் ஜம்ஜம்மையும் எடுத்துக்கொண்டு ஆமத்தூருக்குப் போனாள். தீபாவளி நெருங்கிவிட்டதால் கோடவுனில் பெட்டி குறைந்து, இடம் விரிந்து கிடந்தது. வள்ளித்தாய் தண்ணீரை வாங்கிக்கொண்டு, "நாங்க குடிக்கலாமாக்கா?" என்றாள்.

"தண்ணிதான. குடி."

குடித்துவிட்டு வள்ளித்தாய் வாயைத் துடைத்தாள். "கேட்டீகளா அங்கன?"

"கேட்டேன். நல்லாக் கேட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"நான் கேட்டதுக்கு வரலை. வேற ஒண்ணு வந்துச்சு."

"உங்களுக்காவது வந்துச்சே" என்று வள்ளித்தாய் அட்டையை எடுத்துக்கொண்டாள். "அடுத்த ஆடிக்கு நான் இன்னும் சத்தமாக் கேக்கேன்."

நைனா முகம்மது உள்ளே மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பெண்கள் சாப்பாட்டுக்கு வெளியே போன பிறகு எழுந்து வந்தார். அவள் மக்காவிலிருந்து திரும்பிய பிறகு அவர்கள் இருவரும் தனியாகப் பேசியிருக்கவில்லை.

"வந்துச்சுன்னியே. என்ன வந்துச்சு?"

"சிரிப்பு வந்துச்சு."

"சிரிப்பா?"

"ஆமா. உங்களுக்கு வந்த மாதிரி இல்லை. உங்களுது உங்களுக்கு. இது எனக்கு."

அவர் ஒரு பெட்டிக்கட்டின்மேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் பயம் சாலிஹா" என்றார். "போயி நின்னு, ஒண்ணும் வரலைன்னா? மொதல்ல வந்ததையே நான் பொய்யாச் சொல்லிட்டுத் திரியிறனோன்னு ஆகிப்போகும்ல. அதை வச்சுத்தான இத்தனை வருசம் ஓட்டுனேன்."

இதை அவர் முன்பே சொல்லியிருந்தால் சாலிஹாவுக்கு இரக்கம் வந்திருக்கும். இப்போதும் கொஞ்சம் வந்தது. ஆனால் அவள் இறங்கிக் கொடுக்கவில்லை.

"எனக்கும் எத்தனையோ நாள் ஒண்ணும் வரலை. அதனால அந்தச் சிரிப்பு பொய்யாப் போயிருச்சா? உங்களுக்கு வந்தது வந்ததுதான். அதைப் பெட்டியில போட்டுப் பூட்டி வச்சு என்ன செய்யப் போறீக? வாங்க, போயி நிப்போம். வராட்டா வராட்டும். மறுபடி போவோம்."

"நான் வரலைன்னா?"

"நான் போவேன். கேட்டுட்டெல்லாம் போக மாட்டேன்."

வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. டிரைவர் ஹாரன் அடித்தான். நைனா முகம்மது எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"எப்பப் போறதா இருக்கே?"

"ரமலானுக்கு."

"சரி" என்றார். பிறகு, எதற்கோ தயங்கி, "ரெண்டு பேரும் சேந்துதான சுத்துவோம்?" என்று கேட்டார்.

"சேந்து சுத்துவோம். பக்கத்துல நடந்து வாங்க" என்றாள் சாலிஹா. "முன்னால போகாதீக."